மூணே கால் கிலோ

“பெண் குழந்தை. எடை மூணே கால் கிலோ. மறந்துடாதே, மூணே கால்.”

அண்ணனின் குரல் செல்போனில் கணீரென்று கேட்டது. விமானம் மாற வேண்டிய ஏதோ ஒரு விமான நிலையத்தில், காகிதக் கோப்பைத் தேநீரும் கையுமாக உட்கார்ந்திருந்த பல்லக்கா அந்தக் குரல் செய்தியை இரண்டாம் தடவை ஓடவிட்டாள். எந்தக் குழந்தை? பெற்றது யார்? நாற்பத்திரண்டு நாள் தன்னந்தனியாக ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருக்கும், கல்யாணமே செய்துகொள்ளாத ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கு இப்படி ஒரு தகவல் வந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

மொத்தம் ஆறு குரல் செய்திகள். எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. அவளுக்குத்தான் உடம்பெல்லாம் கொதித்தது.

நடந்தது இதுதான். அவள் கிளம்பிய மறுநாளே மாடிப்படியில் யாரோ, “உங்க தங்கச்சி எங்கே, ஆளையே காணோம்?” என்று கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்ல அண்ணனுக்கு நாக்கு எழவில்லை. அண்ணியின் சித்தி மகள் ஒருத்தி அங்கே இருப்பதாகவும், அவளுக்குத் தலைப்பிரசவம் என்றும், கூடமாட இருக்க ஆளில்லாமல் தவித்ததால் தங்கச்சி ஓடியிருப்பதாகவும் சொல்லிவிட்டார். அண்ணியின் சித்திக்கு இரண்டும் பையன்கள். இல்லாத பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, இல்லாத குழந்தைக்கு எடையும் போட்டாகிவிட்டது.

எடை போடாமல் அவரால் இருக்க முடியாது. எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருஷம் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தியவர். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்குத் தராசு சார் என்றே பெயர். கேஸ் சிலிண்டர் கனம் குறைந்த மாதிரி தோன்றினால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். தராசு சார் ஒரு எடையைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அங்கே பேச்சில்லை.

அவரை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் சும்மா எங்கேயும் போனதில்லை. பிரசவம், சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, இந்த ஐந்தில் ஒன்று வந்தால்தான் பரண்மேலிருந்து பெட்டி இறங்கும். தனக்காக இறக்கிய முதல் ஆள் பல்லக்கா. அவள் முப்பத்து நான்கு வருஷம் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள், அதனால்தான் அந்தப் பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மெழுகை உருக்கி ஊற்றி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ராவி, பளபளப்பாக்கிக் கொடுப்பாள். அவள் வேலை மேசைக்கு எதிரே ஒரு சுவர். ஜன்னல் முதுகுப் பக்கம். ஓய்வு பெற்ற அன்றைக்கு அவள் மனதில் இருந்தது ஒரே ஒரு ஆசைதான். எதிரே சுவர் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் உட்கார வேண்டும். இதில் என்ன வெட்கக்கேடு என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, என்ன கூத்து இது?”

“கூத்தா? உன் மானத்தைக் காப்பாத்தியிருக்கேன். தனியா ஒரு பொம்பளை, இந்த வயசுல, காரணமே இல்லாம ஊர் சுத்தப் போனான்னா நாலு பேர் நாலு விதமா பேச மாட்டாங்களா?”

“காரணம் இருக்கு. எனக்கு ஆசையா இருந்துச்சு.”

“அதை வெளிய சொல்ல முடியுமா?”

போன் கை மாறியது. அண்ணி வந்தாள். அண்ணி எதிலும் ஏற்பாடு தவறாதவள்.

“இங்க பாரு, ஞாயித்துக்கிழமைங்கறதால கட்டடத்துல எல்லாரும் வீட்லதான் இருப்பாங்க. நீ வர்ற நேரத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்துருவாங்க. நீ அனுப்பின போட்டோல போட்டிருந்தியே, அந்தத் தொப்பியக் கழட்டிப் பெட்டிக்குள்ள வெச்சிடு. போட்டோவையெல்லாம் அழிச்சிடு. வேண்டாம், அழிக்காதே, பாவம், ஒளிச்சு வை. ராத்திரியெல்லாம் குழந்தை அழுது பொட்டுத் தூக்கம் இல்லைன்னு சொல்லு. கொஞ்சம் களைச்ச மாதிரி வா.”

“நான் நல்லா தூங்கியிருக்கேன் அண்ணி.”

“முகத்தைக் கழுவாம வந்தாப் போதும்.”

அதற்குள் விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். “வந்து பேசிக்கறேன்” என்று துண்டித்தாள்.

இரண்டாவது விமானத்தில் ஜன்னலோர இருக்கை. பெல்ட்டை மாட்டும்போது, ஊரிலிருந்து கிளம்பிய அன்றைக்கு விட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாக நீட்டிவிட வேண்டியிருந்தது. கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. பல்லக்கா மேகத்தைப் பார்க்கவில்லை, தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தாடை வலித்தது. அந்த வலியை அவளுக்கு நன்றாகத் தெரியும். எதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிறவர்கள் தூக்கத்திலும் பல்லைக் கடிப்பார்கள். கடித்துக் கடித்துப் பல்லின் மேடுகள் தேய்ந்து மழுங்கிவிடும். அச்சைப் பார்த்த மாத்திரத்தில், முகம் தெரியாத மனுஷர் வீட்டில் எவ்வளவு பொறுத்துப் போகிறார் என்று அவளால் சொல்லிவிட முடியும். தன் பற்களையும் ஒருநாள் வேடிக்கையாக அச்செடுத்துப் பார்த்தாள். பலகை மாதிரி இருந்தது. யாரிடமும் காட்டாமல் குப்பையில் போட்டுவிட்டாள். காலையில் எழுந்தால் தாடை வலிப்பது அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். போன இடத்தில் ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது, வலி இல்லை. அதன்பிறகு ஒருநாளும் இல்லை. இப்போது ஆறே ஆறு குரல் செய்தி, வலி பழைய இடத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

அவளுக்குள் ஒரு சமாதானக்காரி எப்போதும் உண்டு. அவள் மெல்ல வாயைத் திறந்தாள். என்ன பெரிய விஷயம்? ஒரு தலையாட்டல், அவ்வளவுதானே? ஆமாம் பெண் குழந்தை, ஆமாம் மூணே கால் கிலோ என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தால் அண்ணன் மானமும் பிழைக்கும், வீடும் அமைதியாக இருக்கும். அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா போனபிறகு குடையோடு வந்து அவளை வேலைக்கூடத்து வாசலில் விட்டுவிட்டுப் போனவர். ஒரு பொய் அவருக்காகச் சொன்னால்தான் என்ன?

பல்லக்கா அந்தத் தலையாட்டலை ஒத்திகை பார்த்தாள். ஆட்டியதும் என்னென்ன போகும் என்று எண்ணிப் பார்த்தாள். ஏரிக்கரை பெஞ்சில் ஒரு நாள் முழுக்க எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தது குழந்தைத் துணி துவைத்த நாளாகிவிடும். வழி தவறி, கால் வலிக்க நடந்து, ஒரு துறைமுகத்தில் கப்பல் கிளம்புவதைப் பார்த்தது மருந்து வாங்கப் போன நாளாகிவிடும். அந்த நாட்டில் இறங்கியதும் ஒரு படிவம் கொடுத்தார்கள். வந்த நோக்கம் என்ன என்று கேட்டு வேலை, படிப்பு, சிகிச்சை, உறவினர், உல்லாசம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் அவசரமாகக் குறி போட்டாள். யாரோ வந்து கையைப் பிடித்து உறவினர் கட்டத்துக்கு இழுத்துவிடுவார்கள் என்று ஒரு பயம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. டப்பென்று முத்திரையைக் குத்திவிட்டார்.

முன்பின் தெரியாத ஒருத்தர் நம்பி முத்திரை குத்தியதைக் கூடப்பிறந்தவர் அழிக்கச் சொல்கிறார். விடமாட்டேன் என்று பல்லக்கா வாய்விட்டே சொன்னாள். பக்கத்து இருக்கைக்காரர் நடுக் கைப்பிடியிலிருந்து தன் முழங்கையை எடுத்துக்கொண்டார்.

இறங்கினாள். கழிவறைக்குப் போய் முகத்தை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தலைவாரி, பெட்டியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அகலமான வைக்கோல் தொப்பி, நீல நாடா கட்டியது. அதோடு வெளியே வந்தபோது அண்ணன் இரண்டு தரம் அவளைத் தாண்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் தரம்தான் அடையாளம் கண்டுகொண்டார். வெயில் பட்டுக் கறுத்திருந்தாள். நிமிர்ந்து நடந்தாள். அவர் பெட்டியை வாங்கி வாடகைக் காரில் ஏற்றினார்.

கார் பாதி தூரம் வந்தபின் அவர் தொண்டையைச் செருமினார். “ஒரு சின்னச் சிக்கல்.”

“இன்னும் சிக்கலா? இரட்டைக் குழந்தைன்னு சொல்லிட்டீங்களா?”

“கீழ்வீட்டு நர்சம்மா இருக்காங்கல்ல, அவங்க வாரா வாரம் லிஃப்ட்ல பிடிச்சுக் குழந்தை எடை என்னன்னு கேப்பாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மூணே கால்.”

“அது முதல் வாரம். அப்புறம்?”

“மூணே கால்தான்.”

பல்லக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். “ஆறு வாரமுமா?”

“எடையை எப்படி மாத்திச் சொல்றது? மாத்தினா பொய்னு தெரிஞ்சிடாதா? ஒரே எண்ணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எத்தனை பேர் எத்தனை விதமா கேட்டும் ஒரு கிராம் அசைய விடலையே!” அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“அண்ணே, குழந்தை வளரும்ணே.”

தராசு சார் விரல்விட்டு வாரங்களை எண்ணினார். வாழ்க்கை முழுக்க எடை மாறிய கல்லைக் குற்றவாளியாகப் பார்த்த மனுஷர். அவர் வீட்டில் தொட்டில் ஆடியதில்லை. ஆட வேண்டும் என்று அவரும் அண்ணியும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. இந்த வீட்டில் யாருக்குத் தெரியும், ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு எவ்வளவு ஏறும் என்று? அவர் மேல் இருந்த கோபத்தின் நடுவே பல்லக்காவுக்குச் சட்டென்று நெஞ்சு வலித்தது. ஆண் குழந்தை என்று சொல்லியிருக்கலாம், பெண் என்றுதான் அவருக்கு வாயில் வந்திருக்கிறது.

“இப்ப அவங்க குழந்தை தேறலைன்னு பயந்துட்டாங்க” என்றார் அண்ணன். “கட்டடமே விசாரிக்குது. டியூஷன் டீச்சர் தினம் வேண்டிக்கிறாங்களாம். நேத்து நர்சம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. எனக்கு எப்படி முடிக்கறதுன்னே தெரியல. அதான் யோசிச்சேன்...” குரலைத் தணித்தார். “ஒரேயடியா, கடவுள் எடுத்துக்கிட்டான்னு நீ சொல்லிட்டா, அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

“என்னது?”

“குழந்தை இல்லாமப் போயிடுச்சுன்னு...”

“வண்டிய நிறுத்துங்க!” பல்லக்கா போட்ட சத்தத்தில் டிரைவர் ஓரமாக ஒடித்து நிறுத்தினார். “நான் தொப்பி போட்டுக்கிட்டு நாலு ஊர் பாத்தேன். அதை மறைக்க ஒரு குழந்தையைச் சாகடிப்பீங்களா?”

“மெதுவா, மெதுவா.”

“எதுக்கு மெதுவா? இல்லாத குழந்தைன்னா உங்களுக்கு இளப்பமா?”

டிரைவர் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சார், எனக்குக் குடும்பம் இருக்கு. நான் எதையும் கேக்கல. வேற வண்டி பிடிச்சுக்கறீங்களா?”

அவருக்கு நிலைமையை விளக்கிப் புரியவைத்து வண்டியைக் கிளப்ப ஐந்து நிமிஷம் ஆயிற்று. கட்டடம் வந்தது. இறங்கும்போது பல்லக்கா சொன்னாள்.

“மூணாவது மாடி வரைக்கும் உங்களுக்கு நேரம். நீங்களே சொன்னா நல்லது. இல்லாட்டி நான் சொல்லுவேன்.”

“என் மானம் போயிடும். இந்தக் கட்டடத்துல என் ஒரு வார்த்தைக்கு...”

“என் நாப்பத்திரண்டு நாள் போயிடும்ணே. அதைவிட எனக்கு வேற சொத்து இல்ல.”

லிஃப்ட் கிழம். முனகிக்கொண்டு ஏறும். ஒன்று, இரண்டு என்று விளக்கு மாறுவதை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று வந்தது. கதவு திறந்தது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு தலை குனிந்தபடி முன்னால் நடந்தார்.

கூடத்தில் அண்ணி சொன்னபடியே எல்லோரும் இருந்தார்கள். டியூஷன் டீச்சர் சோபாவில். கட்டடச் செக்ரட்டரி நாற்காலியில், முகத்தைச் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி வைத்துக்கொண்டு. நடுவில் நர்சம்மா. பிரசவ வார்டில் முப்பத்தைந்து வருஷம் நின்ற கால் என்பதால் எப்போதும் வீங்கியே இருக்கும். அவளுடைய கீழ்வரிசைப் பல் பல்லக்கா செய்துகொடுத்தது. தொப்பியைப் பார்த்ததும் அண்ணி கண்ணாலேயே கெஞ்சினாள். பல்லக்கா தொப்பியைக் கழற்றவில்லை.

“வாம்மா” என்றாள் நர்சம்மா. மேசையைக் காட்டினாள். ரோஜா நிறக் கம்பளி நூலில் பின்னிய சின்னஞ்சிறு குல்லாக்கள், வரிசையாக ஆறு. “வாரத்துக்கு ஒண்ணுன்னு பின்னினேன். யார் மூலமாவது அனுப்பிடு. எல்லாம் ஒரே அளவுதான். பெரிசாப் பின்னக் கை வரல. பெரிசா பின்னிட்டு, அது தலைக்கு வராமலே போயிட்டா என்ன பண்றதுன்னு பயம்.” அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “உண்மையைச் சொல்லு. நான் எத்தனையோ பாத்தவ. தாங்கிக்குவேன். குழந்தை எப்படி இருக்கு?”

வரும் வழியெல்லாம் மிடுக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் அந்த ஆறு குல்லாவைப் பார்த்ததும் பல்லக்காவுக்கு மறந்துபோயின. அண்ணனைப் பார்த்தாள். அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். தலையாட்டிவிடலாம். தேறிவிட்டது, நாலரை கிலோ ஆகிவிட்டது என்று சொன்னால் இந்தக் கண்ணீர் இப்போதே நின்றுவிடும். தாடை இறுகியது. பல்லோடு பல் உட்கார்ந்து அழுந்துவதை அவள் உணர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

“குழந்தையே இல்ல நர்சம்மா.”

டியூஷன் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“செத்துப்போகல. பிறக்கவே இல்ல. அப்படி ஒரு பொண்ணும் இல்ல, பிரசவமும் இல்ல. நான் ஊர் சுத்தப் போனேன். யாருக்காகவும் போகல. யார்கூடவும் போகல. எனக்குப் போகணும்னு இருந்துச்சு, போனேன். அதைச் சொல்ல எங்கண்ணன் வெக்கப்பட்டாரு. எனக்கு வெக்கமா இல்ல. நீங்க அழுததுக்கு மட்டும் வெக்கமா இருக்கு. அதுக்கு என்னை மன்னிச்சிடுங்க. போனதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

செக்ரட்டரிக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. “அப்ப அந்த மூணே கால் கிலோ?”

“தப்பு” என்றார் தராசு சார். சுவரைவிட்டு முன்னால் வந்து நின்றார். “நான் சொன்ன எடை தப்பு.” முப்பத்தோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததில்லை. கடைக்காரர்கள் வாயிலிருந்து வரவழைத்திருக்கிறார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நர்சம்மா குல்லாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினாள். நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

“ஆறு வாரம் என்னைத் தூங்க விடலையே, பாவி மனுஷா! தாய்ப்பாலா புட்டிப்பாலான்னு கேட்டேன், யோசிச்சுச் சொல்றேன்னீங்க. அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும். உங்களோட நான் ஒரு வருஷம் பேசப் போறதில்ல.” அப்புறம் பல்லக்கா பக்கம் திரும்பினாள். “நீ இங்க வா.”

பல்லக்கா போனாள். எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

“போட்டோ பாக்கத்தான் வந்தோம். எடு.”

“குழந்தை போட்டோ...”

“அதான் இல்லைன்னுட்டியே. உன் போட்டோவ எடு.”

பல்லக்கா போனை எடுத்துத் திறந்தாள். ஒளித்து வைக்காத படம் முதலில் வந்தது. ஏரியில் ஒரு படகு. படகில் அவள் மட்டும். அதே தொப்பி காற்றில் பறக்கப் போவதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, தேய்ந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே எங்கேயும் சுவர் இல்லை. படகுக்காரர் எடுத்தது.

நர்சம்மா போனை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தாள். டியூஷன் டீச்சர் எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். செக்ரட்டரியும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

“தனியாவேவா?” என்றாள் டீச்சர்.

“தனியாத்தான்.”

நர்சம்மா படத்தையும் ஆளையும் ஒத்துப் பார்த்தாள். குழந்தைகளைப் பார்த்துப் பழகிய கை, பல்லக்காவின் மேல்கையைப் பிடித்து அமுக்கியது. பிறகு கன்னத்தைக் கிள்ளியது.

“சதை பிடிச்சிருக்கே. எவ்வளவு ஏறியிருக்கு?”

கடைசியாகத் தங்கிய விடுதியின் குளியலறையில் ஒரு எடை இயந்திரம் இருந்தது. பல்லக்கா இரண்டு தடவை ஏறிப் பார்த்திருந்தாள்.

“நாலு கிலோ” என்றாள். அண்ணன் பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். “நாலு கிலோ அண்ணே. வேணும்னா நிறுத்துப் பாத்துக்கோங்க. இனி யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க.”